மெஷின் அறைச் சுவர்

மூத்தவள் செத்துப்போன மறுநாள் காலையில், கிளினிக்கில் ரத்தம் கழுவுகிற மெஷின் அறையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது அவள் மகள் மார்லீன். சாவியைக் கிளினிக் மேசையில்கூட வைக்காமல் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஊருக்கு மேற்கே துக்கம் காக்கிற திடலில் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் கெயில் சாவியைக் கேட்கவில்லை. மூணாவது போர்வெல்லை வைத்து 'மூணாம் போர்' என்று பெயர் வந்த இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது.

மூத்தவளின் பெயரை நான் சொல்ல மாட்டேன். செத்தவர் பெயரை இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அதே பெயரோடு கடையில் வேலை பார்த்த பிள்ளையை அன்றிலிருந்து 'பேரில்லாதவளே' என்றுதான் கூப்பிட்டோம். அவளும் திரும்பிப் பார்த்தாள். மூத்தவள் வரைந்த கித்தான்களை ஓவியக் கூடத்தில் சுவர்ப்பக்கம் திருப்பி, துணி போட்டுக் கட்டி வைத்தார்கள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து, மகள் சரி என்று சொன்னால் வெளியே வரும். இதிலெல்லாம் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் கித்தானைத் திருப்பி வைக்கலாம், சுவரை எப்படித் திருப்பி வைப்பது?

மெஷின் அறையின் மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் மூத்தவளின் செடி இருந்தது. ஈமுச்செடி. நீளநீளமாகத் தொங்குகிற இலை, உள்ளே புள்ளி விழுந்த பூ. பிறந்த பிள்ளையை அதன் புகையில் காட்டுவார்கள், சளி பிடித்தால் அவித்துக் குளிப்பாட்டுவார்கள், புண்ணுக்குக் கழுவுவார்கள். அதை வரைகிற உரிமை அப்பன் வழியில் மூத்தவளுக்கும் அவள் தங்கை எட்னாவுக்கும் வந்தது. எட்னாவுக்கு வரையக் கை வராது. அதைவிட, கிட்னி போய் நாலு வருஷமாக ஆலிஸ் டவுனில் மெஷினே கதி என்று கிடந்தவளுக்கு வரைய நேரமும் கிடையாது.

மெல்போர்னிலிருந்து சுவர்த்தாள் அச்சடிக்கிற கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் வந்தபோது நான்தான் அவர்களைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக் வண்டி ஓட்டுவது என் வேலை. ஆனால் இந்த ஊரில் வண்டி ஒன்றுதான், வேலை பத்து. மூத்தவள் அவர்களை வெயிலில் நடத்திக்கொண்டு போய், இலையைக் கிள்ளி மோந்து பார்க்கச் சொன்னாள்.

"எல்லாத்தையும் கேக்காதீங்க. நான் காட்டுறத மட்டும் பாருங்க. காட்டாதது உங்களுக்கு வேணாம்."

இரண்டு மாதம் கழித்து அவர்கள் மாதிரி அனுப்பினார்கள். இலையெல்லாம் ரோஸ் நிறம்.

"என்னடி இது? எங்க செடிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று மூத்தவள் அதைத் திருப்பி அனுப்பினாள். பச்சையும் சாம்பலுமாக, அவள் சொன்னபடி வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டாள். "எங்க எட்னா டவுன்ல வெறும் சுவத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துக் கெடக்கா. நம்ம ஊருக்கு மெஷின் வருது. மொதல்ல அந்த ரூமுக்கு ஒட்டுங்க. அப்புறம் எந்த ஊர் ஓட்டலுக்கு வேணும்னாலும் வித்துக்குங்க."

அந்த இரண்டு மெஷினை ஊருக்குக் கொண்டுவர அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. வந்தது. எட்னாவும் வந்தாள். ஒட்டுகிற அன்றைக்கு மூத்தவள் அறைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினாள். ஒட்ட வந்த பையன்கள் முதல் தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். இலை என்றால் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

"டேய்! தொங்கணும்டா, தொங்கணும்! உங்க ஊரு முட்டக்கோசுன்னு நெனச்சியா?"

எட்னா பக்கத்தில் நின்று சிரித்தாள். "ஏக்கா, ஒரே இலைய இத்தன தடவயா வரைஞ்ச?"

"நான் ஒரு தடவதான்டி வரைஞ்சேன். மிச்சம் மெஷின் வரைஞ்சது. ஒன் ரத்தத்த ஒரே மெஷினு சுத்திச் சுத்திக் கழுவல? அது மாதிரி."

இதுதான் எங்களுடைய புத்திசாலித்தனம். செத்தவரின் புகைப்படத்தைக்கூட கடைச் சுவரிலிருந்து கழற்றுகிற ஊர், உயிரோடிருந்த ஒருத்தியின் கையைப் பசை தடவி மூன்று சுவரிலும் ஒட்டி வைத்தது. அவளும் ஒரு நாள் சாவாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. நோயாளி தங்கச்சிதானே, அக்கா இல்லையே. அக்கா ஒரு மத்தியானம் ஓவியக் கூடத்து வாசலில் தேநீர்க் கோப்பையோடு சரிந்தாள், எழுந்திருக்கவில்லை.

துக்கம் எல்லாருக்கும் பொது. மெஷின் நாள் அப்படி இல்லை. சாவு விழுந்த இரண்டாம் நாள் எட்னாவுக்கு மெஷினில் உட்கார வேண்டிய நாள். தலையை மழித்து, உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசி, திடலில் கிடந்தவளைக் கெயிலும் நானும் போய்க் கூப்பிட்டோம். மார்லீன் அந்த ஒரு நாளைக்குச் சாவி கொடுத்தாள். கெயில் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, நாலு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டினாள். ஏ.சி. காற்றில் துணி லேசாக உப்பி அடங்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஐந்து மணி நேரமும் எட்னா கண்ணைத் திறக்கவில்லை. திரும்பி வருகிறபோது வண்டியில் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டா சரியாப் போவும்னு நெனச்சேன் மச்சான். மூடினா இன்னும் நல்லாத் தெரியுது. துணிக்குப் பின்னால நின்னுக்கிட்டு மூச்சு விடுறா."

எனக்கு இந்த ஊரில் கிடைத்த முறைப்படி எட்னா எனக்குப் பெண்டாட்டி முறை. இங்கே வந்து தங்குகிறவனை யாராவது ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டால்தான் அவனோடு பேசவே முடியும். என்னை எடுத்தவர்கள் என்னை அவளுக்குப் புருஷன் முறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவளுடைய நிஜப் புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. அதனால் கேலி பண்ணுவதற்கு நான்தான் மிச்சம். 'என் புருஷன் வண்டிய ஓட்டுறானா, உருட்டுறானா?' என்று ஊர் கேட்கக் கேட்பாள். அன்றைக்கு அந்தக் குரலே இல்லை.

இரண்டாவது நாற்காலிக்காரர் ஹெக்டர் கிழவர். அவரும் அந்த அறைக்குள் வர மாட்டேன் என்றுவிட்டார்.

கெயில் திடலுக்குப் போய் மார்லீன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எட்னா பக்கத்திலேயே இருந்தாள், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

"மார்லீன், சுவருக்கு வெள்ள பெயின்ட் அடிச்சிரலாமா?"

"அடிச்சா? எங்கம்மா பெயின்டுக்குள்ள கெடப்பா. ஒங்கம்மாவ நீ சுவத்துக்குள்ள வச்சுப் பூசுவியா?"

"அப்ப உரிச்சு எடுத்திரலாம். பின்னாடி காலம் வர்றப்ப கம்பெனிக்காரங்க மறுபடி..."

"கம்பெனித் தாளு வரும். எங்கம்மா நின்னு ஒட்டவச்ச தாளு வருமா? உரிச்சா உரிச்சதுதான்." மார்லீன் மூக்கைச் சிந்திப் போட்டாள். "பூட்டியே கெடக்கட்டும். ரெண்டு வருஷம் போகட்டும். அப்புறம் நானே தொறந்து, புகை போட்டு, எல்லாரையும் உள்ள கூப்புடுறேன். சின்னம்மா அது வரைக்கும் டவுன்ல இருந்துக்கட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மூத்தவள் விட்டுப்போனதைப் பற்றிப் பேசுகிற வாய் அவளுடையது. தங்கைக்கு அதில் வாய் கிடையாது. கேட்கவும் கூடாது. எட்னா கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு வருஷம் இருக்கிறதா என்று கெயில் கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்படித்தான் எட்னா மறுபடியும் டவுனுக்குப் போனாள். செம்மண் ரோட்டில் நாலு மணி நேரம், அதுவும் ரோடு ஒழுங்காக இருந்தால். ஹெக்டருக்கு அங்கே ஒரு மகன் வீடு இருந்தது. எட்னாவுக்கு விடுதி. அறையில் கூட இருந்தவள் தெற்கேயிருந்து வந்தவள், பாஷை வேறு. இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் சத்தத்தைக் கூட்டுவதில்லை. வாரம் ஒரு தரம் மருந்துப் பெட்டி எடுக்கப் போகிறபோது நான் எட்டிப் பார்ப்பேன். கங்காரு வால் சுட்டது ஒரு துண்டு, சாம்பலில் வெந்த ரொட்டி ஒரு பாதி, யாராவது கொடுத்தனுப்பியிருப்பார்கள்.

"ஊர்ல மழயா?"

"தூறல்."

"யாரு வீட்டு நாயி குட்டி போட்டுது?"

"ஒனக்கு நாய்க் கவலையா?"

"வேற என்ன கவலப்படச் சொல்ற? ஜன்னலத் தொறந்தா கார் நிறுத்துற எடம். காரு வருது, காரு போகுது. ஒருத்தி எறங்கினா எங்கக்கா மாதிரியே நடக்குறா. கிட்ட வந்தா வெள்ளக்காரி." ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அழுறதுக்குக்கூட ஆளு வேணும் மச்சான். அங்க திடல்ல ஒருத்தி ஆரம்பிச்சா இன்னொருத்தி எடுப்பா. இங்க நான் ஆரம்பிச்சேன், நர்ஸ் வந்து வலி மாத்திர குடுத்துட்டுப் போறா."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

குளிர்காலத்துக்கு நடுவில் ஒரு நாள் நான் மருந்துப் பெட்டியோடு திரும்பினால், வண்டியின் முன் இருக்கையில் எட்னா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் போர்வை மூட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"வீட்டுக்கு விடு."

"இன்னைக்கு ஒனக்கு மெஷின் நாளு."

"மெஷினுக்கு லீவு விட்டுட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

ஆரஞ்சை உரித்தாள். மெஷின்காரர்கள் ஆரஞ்சு தின்னக் கூடாது. இருதயத்தை நிறுத்திவிடும் என்று கெயில் படம் போட்டே காட்டியிருக்கிறாள். எட்னா ஒரு சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"எறங்கு எட்னா. நான் ஓட்ட மாட்டேன்."

"நீ ஓட்டலன்னா நான் ரோட்டுல நின்னு வேற வண்டி புடிப்பேன். அவன் குடிச்சிட்டு ஓட்டுவான். இனி மெஷின் வேணாம்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவ கேட்டுச்சு. ரெண்டு தடவயும் சொன்னேன்."

"மார்லீனுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? அவ சுவத்த நான் கேக்கலயே."

ஓட்டினேன். வேறு என்ன செய்ய? வழியில் அவள் இன்னொரு ஆரஞ்சும் தின்றாள், எனக்கும் ஒன்று உரித்துத் தந்தாள். நான் அதை வாங்கி முன்பலகையில் வைத்தேன். கேலிகூடப் பண்ணினாள். "என்ன புருஷன்டா நீ? பொண்டாட்டி வீட்டுக்கு வர்றா, மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க." சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஊருக்குள் நுழைவதற்குள் செய்தி போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. எட்னா தன் பழைய வீட்டுக்குள் போகவில்லை. அக்காவும் இருந்த வீடு, செத்தவர் வீட்டில் யாரும் தங்க மாட்டார்கள் என்பதால் காலியாகவே கிடந்தது. தார்ப்பாய்க் கொட்டகையில் நெருப்பு மூட்டி, அதன் முன்னால் குந்தினாள். நான் விறகு இறக்கிக்கொண்டிருக்கிறபோது மார்லீன் வந்தாள்.

"எப்பத் திரும்புற சின்னம்மா?"

"திரும்பல."

மார்லீன் ஒரு விறகைக் காலால் நெருப்புக்குள் தள்ளினாள். நெருப்பு வெடித்துக்கொண்டிருந்தது.

"என்னப் பழி வாங்குறியா?"

"இல்லடி. எங்கக்காவப் பொதச்ச மண்ணுல கெடக்கணும்னு தோணிச்சு, வந்துட்டேன். நீ சரியாத்தான் செஞ்ச. நான் ஏதாவது கேட்டனா?"

"கேக்கலல்ல, அதான்! கேட்டிருந்தா நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீயும் நானும் சண்ட போட்டிருப்போம். தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்போம். நீ பாட்டுக்குப் பேசாம போனா, நான் யாரோட சண்ட போடுறது? எங்கம்மாவும் பேசாமத்தான் போனா."

"கத்தாத. குளிருது, உக்காரு."

மார்லீன் உட்காரவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் என் கதவைத் தட்டினாள். கையில் சுரண்டுகிற தகடு. "சித்தப்பா, பக்கெட் இருக்கா? வெந்நி நெறய வேணும்."

கெயில் மெஷின்களை நடைவழிக்குத் தள்ளி, கிளினிக் கொதிகலனைப் போட்டுக்கொடுத்தாள். அந்த அறைக்குள் மார்லீனைத் தவிர வேறு யாரும் போவதற்கில்லை. நானும் அவளுக்கு அப்பன் முறை. எட்னாவுக்குப் புருஷன் முறை என்றால் செத்த அக்காவுக்கும் அதே முறைதான். நான் அந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெந்நீர் வாளியைப் பின்கையாலேயே உள்ளே தள்ளினேன். உள்ளே ஈரத்துணி அடிக்கிற சத்தம், தகடு சுரண்டுகிற சத்தம். பசை நாற்றம் வந்தது.

"நீ எப்பிடி மார்லீன் பாக்குற?"

"பாக்கல. கண்ணு மூடித்தான் இருக்கு. கையால தடவித்தான் உரிக்கிறேன். தண்ணி."

வாளியைத் தள்ளினேன்.

"எத்தன இலை சித்தப்பா. போயிக்கிட்டே இருக்கு. ஒண்ணு உரிச்சா அதே இலை மறுபடி வருது கைக்கு."

"கொஞ்சம் நிறுத்திட்டு டீ குடி."

"நிறுத்துனா அப்புறம் செய்ய மாட்டேன்."

சுரண்டல் தொடர்ந்தது. எனக்குக் கால் கடுத்தது. ஒரு இடத்தில் சத்தம் சட்டென்று நின்றுபோனது.

"என்னாச்சு?"

"இந்த மூலையில ரெண்டு தாளு இருக்கு. மேல ஒண்ணு, அடியில ஒண்ணு. அடியில இருக்கறதுல காம்பு கீழ இருக்கு, சித்தப்பா. கைக்குத் தெரியுது."

"அது மொதல்ல தலகீழா ஒட்டுனது. ஒங்கம்மா கத்துன கத்துல அதுக்கு மேலயே ஒட்டிட்டானுவ."

உள்ளே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். அது அழுகைதான். அவள் ஆரம்பித்ததும், கிளினிக் வாசலில் நெருப்புக்குக் குளிர்காய்ந்துகொண்டிருந்த இரண்டு மூன்று கிழவிகள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் கேட்டது. நானும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவள் உரித்த தாளையெல்லாம் போர்வையில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு தனியாகக் காட்டுப்பக்கம் போனாள். எரித்தாளா புதைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. வருகிறபோது ஈமுச்செடிக் கிளை ஒரு கட்டு கொண்டுவந்தாள். புகை பட்டால் அலறுகிற தீ மணியைக் கெயில் அணைத்தாள். அறை முழுக்கப் புகை போட்டார்கள், கெயில் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு இருமி இருமி நின்றாள். பிறகு தரையைக் கழுவி, மெஷினை உள்ளே தள்ளினார்கள்.

மார்லீன் தார்ப்பாய்க் கொட்டகைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். எட்னாவுக்கு அதற்குள் முகம் ஊதியிருந்தது. மூச்சு இழுத்தது. மார்லீனின் கை விரலெல்லாம் வெந்நீரில் வெந்து சுருங்கிப்போய், நகத்துக்குள் காகிதம்.

"எந்திரி."

எட்னா அந்தக் கையையே பார்த்தாள். "ஏன்டி இப்பிடிப் பண்ண? ரெண்டு வருஷம்னுதான சொன்ன. நான் ஒன்ன..."

"எந்திரி சின்னம்மா. எங்கம்மாவ என் கையால உரிச்சுப் போட்டாச்சு. இனி நீ பாட்டுக்குச் செத்து வச்சேன்னா, நான் அத எதுக்குச் செஞ்சேன்? சொல்லு. எதுக்குச் செஞ்சேன்?"

எட்னா எழுந்தாள். நான் ஒரு கையைப் பிடித்தேன். மார்லீன் பிடிக்கவில்லை, முன்னால் நடந்தாள்.

அது முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்னா ஒரு மெஷின் நாளையும் விட்டதில்லை. நான் வண்டியை எடுக்கும் முன்பே ரோட்டோரத்தில் போர்வையோடு உட்கார்ந்திருப்பாள். ஹெக்டர் டவுனிலேயே போய்ச் சேர்ந்தார். பக்கத்து நாற்காலி சும்மா இருக்கிறது. ஓவியக் கூடத்திலிருந்து வேறொருத்தி வரைந்த தாளை ஒட்டலாமா என்று கேட்டார்கள். எட்னா கையை ஆட்டி வேண்டாம் என்றாள். பசை இழுத்துக்கொண்டுபோன இடமெல்லாம் சொரசொரப்பாக, வெறும் சுவர். அவள் அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்லீன் அதற்குப்பின் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சின்னம்மாவோடு பேச்சும் குறைவு. ஆனால் மெஷின் நாளில் கிளினிக்குக்குப் பின்பக்கம் வந்து, அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் முதுகைச் சாய்த்து, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். மெஷின் நிற்கிற சத்தம் கேட்டதும் எழுந்து போய்விடுவாள்.

போன வாரம் எட்னா என்னைக் கையால் கூப்பிட்டாள்.

"வெளிய இருக்காளா?"

"யாரு?"

"நடிக்காத மச்சான். இருக்காளா?"

"இருக்கா."

"அந்தப் பக்கம் சாயங்கால வெயிலு நேரா அடிக்கும். தண்ணி குடிச்சாளான்னு பாரு."

கெயில் எட்னாவுக்கென்று அளந்து வைத்திருந்த ஒரு கோப்பைத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. கிட்னி போனவளுக்குத் தண்ணீரும் அளவுதான், அந்த நாளுக்கு அவ்வளவுதான். அதைத்தான் என் கையில் கொடுத்தாள். குழாயில் வேறு பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "இதக் குடு" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்லீன் கோப்பையைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துகொண்டாள். மெஷின்காரர்களின் கோப்பையில்தான் அளவுக் கோடு போட்டிருக்கும். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பாதியைக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள்.

"இத அதுகிட்டக் குடு சித்தப்பா. சிந்தாமக் கொண்டு போ."

சிந்தாமல் கொண்டுபோனேன். எட்னா வாங்கி, கோட்டைப் பார்த்தாள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. பிறகு மெதுவாக, வாய் வாயாக, அத்தனையையும் குடித்தாள்.